குழி விழுகிற தகடு

வேலூரில் இரும்புக் கடை வைத்திருந்த வேதாசல முதலியாருக்குச் சாமி எல்லாவற்றையும் கொடுத்திருந்தது, ஒரு நாற்காலியைத் தவிர. வீட்டில் கிடக்கிற நாற்காலி இல்லை ஐயா! வெள்ளைக்கார துரைமார் நடத்துகிற விழாவில், அவர்கள் பக்கத்தில் உட்காரக் கொடுக்கிற நாற்காலி. ஊரிலே நாலைந்து பேருக்குத்தான் அந்த மரியாதை. மேல்விஷாரம் தோல் மண்டி முனீர் அகமது சாயபுக்கு உண்டு. முதலியாரோ பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு கும்பலோடு நிற்பார். அன்றைக்கு வீட்டில் சோறு இறங்காது. பெண்சாதி வள்ளியம்மாள் மேல்தான் எரிந்து விழுவார்.

இப்படி இருக்கையில், சத்துவாச்சாரி மலையடியில் போலீஸ்காரர்கள் துப்பாக்கி சுட்டுப் பழகப் புது மைதானம் வந்தது. குறி வைக்க இரும்புத் தகடு வேண்டும் என்றார் போலீஸ் துரை. முதலியார் விடுவாரா? “தகடு நம்ம உபயம்” என்று முந்திக்கொண்டார். தகடு மனசுக்குப் பிடித்தால் திறப்பு விழாவில் அவருக்கும் நாற்காலி போடுவதாகத் துரை வாக்குக் கொடுத்தார்.

கடையில் இரண்டு தகடுகள் தேறின. ஒன்று மெட்ராஸ் ஏலத்தில் எடுத்த கெட்டி எஃகு. அரம் போட்டால் அரம்தான் வழுக்கும். இன்னொன்று ஜோலார்பேட்டையில் கழித்துப் போட்ட ரயில் பாய்லர் தகடு. அது மெத்து இரும்பு, அரம் போட்டால் வழித்துக்கொண்டு வரும்.

ஹவல்தார் கன்னியப்பன் இரண்டையும் தட்டிப் பார்த்தார். “எஃகையே குடுங்க முதலியாரே. அதுல பட்ட குண்டு பொடியாப் போய் அங்கியே உதுந்துடும். மெத்துத் தகட்டுல குழி வுழும். குழியில அடுத்த குண்டு பட்டா, சில்லு வந்த வழியே திரும்பும். அப்புறம் யார் பேஜார் படறது?”

முதலியார் கேட்டுக்கொண்டார், பாவம். எஃகைத்தான் நட்டார். துரை வந்து சுட்டார். டங், டங் என்று கோயில் மணியாட்டம் சத்தம். கிட்டே போய்ப் பார்த்தால் தகட்டில் ஒரு கீறல்கூட இல்லை. துரையின் முகம் தொங்கிவிட்டது. “நான் சுட்டதுக்கு அடையாளமே இல்லையே! இது என்ன தகடு?”

மறுநாளே பாய்லர் தகடு வந்து நின்றது. சுட்ட இடத்திலெல்லாம் குழி. துரை ஒவ்வொரு குழியிலும் விரலை விட்டுப் பார்த்துக் குழந்தை மாதிரி சிரித்தார். “இதுதான் ஸ்டீல்!”

“ஆமாங்க துரை, சீமைச் சரக்கு” என்று கூசாமல் புளுகினார் முதலியார். கன்னியப்பன் வாயைத் திறக்கப் போனார். முதலியார் அவர் கையைப் பிடித்து அமுக்கினார். “நாற்காலி வந்துடுச்சு ஹவல்தார். கெடுத்துடாதீங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போவட்டும்.”

விழா நாள். தூரத்திலிருந்து சுட்டால் துரைக்குக் குறி தவறும் என்று பந்தலைத் தகட்டுக்குக் கிட்டவே போட்டிருந்தார்கள். முனீர் சாயபுக்குப் பக்கத்திலே முதலியாரின் நாற்காலி! சும்மா உட்கார்ந்திருக்கலாம் மனுஷன். உட்காருவதற்கு முன்னால், பின்னால் நிற்கிற கும்பல் தன்னை நன்றாகப் பார்க்கட்டும் என்று, தகட்டுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்று பெரிய கும்பிடு போட்டார். அந்த நேரம் பார்த்துத் துரை சுட்டார். பழைய குழியிலிருந்து கிளம்பிய ஒரு சில்லு, முதலியார் எதை வைத்து நாற்காலியில் உட்கார வேண்டுமோ அங்கேயே சுள்ளென்று ஏறிற்று.

திருடனுக்குத் தேள் கொட்டினாற்போல் ஆகிவிட்டது. கத்தினால் தகட்டின் வண்டவாளம் வெளியே வரும். அப்புறம் ஏழு ஜென்மத்துக்கும் நாற்காலி கிடையாது. தோளில் கிடந்த சால்வையை எடுத்து, ரத்தம் தெரியாமல் இடுப்பில் தழையச் சுற்றிக்கொண்டார்.

“இன்னா முதலியாரே, உட்காருங்க” என்றார் முனீர் சாயபு.

“இருக்கட்டும் சாயபு.”

துரையும் கையைக் காட்டினார். முதலியார் கண்ணில் நீர் முட்ட, பல்லைக் கடித்துக்கொண்டு கும்பிட்டார். விழா முடிகிறவரை அப்படியே நின்றார்.

துரை மனம் உருகிப்போனார். எல்லோருக்கும் முன்னால் எழுந்து சொன்னார்: “என் பக்கத்தில் சமமாக உட்கார மனசு வராமல், கண் கலங்க நின்றாரே, இவரல்லவா ராஜ விசுவாசி!” ஜனங்கள் கை தட்டினார்கள். துரை குமாஸ்தா பக்கம் திரும்பினார். “இனிமேல் எந்த விழாவிலும் இவருக்கு நாற்காலி போட்டுச் சங்கடப்படுத்தாதே.”

குமாஸ்தா தலையாட்டிவிட்டு, அந்த நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போனான்.