கூவினால் வரும் ஊர்

இரண்டாயிரத்து ஆறாம் வருடம் ஆடி மாதத்தில், இனிமேல் திருவள்ளூர் மாவட்டத்தில் எந்த ஊரும் தொலைந்துபோகாது என்று அச்சுத் அறிவித்தான். அதே வாரத்தில் ஈச்சந்திடல் தொலைந்துபோனது. அறிவிப்பு நடந்த இடம், கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் போல்ட்டு நட்டு செய்யும் கம்பெனியின் மாடியில் புதிதாகத் திறந்த வரைபட அலுவலகம். அச்சுத் அதன் டீம் லீடர். திருவள்ளூரில் பெருமாள் கோயில் கைங்கரியம் செய்யும் குடும்பம். கோயில் அண்ணனுக்குப் போனது, கம்ப்யூட்டர் இவனுக்கு வந்தது. பூசணிக்காய் உடைத்த கையோடு அவன், கம்ப்யூட்டரில் பெயர் இருக்கிற ஊர்தான் ஊர் என்றும், மனிதன் கண்டுபிடித்ததில் சக்கரத்துக்கு அடுத்தது டிஜிட்டல் வரைபடம்தான் என்றும் முழு மனதோடு சொன்னான். நெருப்பு மூன்றாம் இடத்துக்குப் போனது. யாரும் மறுக்கவில்லை. கேசரி ஆறிக்கொண்டிருந்தது.

லாரி கம்பெனிகளுக்கு விற்பதற்காக ஹைதராபாத்திலிருந்து ஒரு நிறுவனம் அந்த வரைபடத்தைக் கேட்டிருந்தது. வேலை எளிது. ஓர் ஆள் ஜி.பி.எஸ். கருவியோடு ஊருக்குள் போய், நாலு சாட்டிலைட் தெரியும்வரை ஆடாமல் நின்று, அந்த இடத்தைக் குறித்துக்கொண்டு வருவான். மாடியில் இருப்பவர்கள் அந்தப் புள்ளியின் மேல் ஊர்ப் பெயரை ஏற்றுவார்கள். ஏற்றுகிறவர்களில் மெஹர்னிசா ஒருத்தி. பழவேற்காட்டு வியாபாரக் குடும்பம். அவளுடைய வாப்பா அமீருதீன் இறால் வியாபாரத்தைத் தம்பிக்கு விட்டுக்கொடுத்துவிட்டு ஈச்சந்திடலில் வீடு கட்டிக்கொண்டு வந்தவர். மெஹர்னிசாவின் கணவன் ஷார்ஜாவில். மூன்று வயது மகள் சிஃபாவை வாப்பாவிடம் விட்டுவிட்டு, ஆதிகேசவனின் ஷேர் ஆட்டோவில் மெஹர்னிசா தினமும் வேலைக்கு வந்து போனாள்.

ஆதிகேசவனின் குரல் மாடிவரை வரும். பைபாஸ் முனையில் ஆட்டோவை நிறுத்தி, எருக்கம்பேடு ஈச்சந்திடல், எருக்கம்பேடு ஈச்சந்திடல் என்று அவர் கூவ ஆரம்பித்தால், மேலே தட்டிக்கொண்டிருக்கும் பெண்கள் தங்களை அறியாமல் அதையே தட்டிவிடுவார்கள். அச்சுத் கீழே இறங்கி வந்தான்.

"அண்ணே, இது இன்னா மீன் மார்க்கெட்டா? மேப்பு வந்தாச்சு. இனிமே ஊர் பேர கூவறதெல்லாம் காட்டுமிராண்டித்தனம்."

"அப்டியா சார். உங்க மேப்பு ஒரு நடைக்கு எத்தினி பேர ஏத்திக்கினு போவும்?" என்று கேட்டார் ஆதிகேசவன்.

அச்சுத் போய், பைபாஸ் முனையில் எட்டடிக்கு ஒரு ஃபிளெக்ஸ் வரைபடம் கட்டவைத்தான். ஆதிகேசவன் அதன் நிழலில் ஆட்டோவைப் போட்டுக்கொண்டு முன்னைவிட வசதியாகக் கூவினார்.

அந்த வாரமே ஹைதராபாத்திலிருந்து புகார் வந்தது. திரையில் பெயர்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடக்கின்றன, படிக்க முடியவில்லை என்று. இப்படி இரண்டு பெயர்கள் மோதினால், வரைபடத்தைச் சுருக்கும்போது மட்டும் சின்ன ஊரின் பெயரை மறைத்துவைக்க வேண்டும். பெரிதாக்கினால் அது தானாக எட்டிப் பார்க்கும். ஈச்சந்திடலின் பெயர் சிப்காட்டின் மேல் குறுக்கே படுத்திருந்தது. அச்சுத் அவசரத்தில் அதை மறைக்கவில்லை, அழித்துவிட்டான். மெஹர்னிசா அப்போது சாப்பிடப் போயிருந்தாள்.

"சார், எங்க ஊர காணோம்," என்றாள் திரும்பி வந்ததும்.

"ஸ்கிரீன்லதாம்மா இல்ல. ஊரு எங்க போயிடும்?" என்றான் அச்சுத்.

அன்று மாலை ஆட்டோ வழக்கமான வேப்பமரத்தைத் தாண்டியது, வழக்கமான சிறுபாலத்தைத் தாண்டியது, அடுத்து எருக்கம்பேடு வந்தது. நடுவில் ஈச்சந்திடல் வரவில்லை. ஆதிகேசவன் வண்டியைத் திருப்பி அந்தப் பக்கமிருந்து வந்து பார்த்தார். அந்தப் பக்கமிருந்து வந்தாலும் எருக்கம்பேடுதான். சைக்கிளில் போனவர்கள், வயல் வரப்பில் நடந்தவர்கள், சிப்காட்டில் ஷிஃப்ட் முடித்துக் கம்பெனி வேனில் போனவர்கள் எல்லோரும் எருக்கம்பேட்டு டீக்கடைக்கே வந்து சேர்ந்தார்கள். கடைக்காரருக்குப் பால் தீர்ந்தது. மற்றபடி அங்கே குழப்பம் ஒன்றுமில்லை.

போன் மட்டும் வேலை செய்தது. தொலைபேசித் துறையின் வரைபடம் வேறு. அதேபோல மின்சார வாரியத்தின் வரைபடமும் வேறு என்பதால் ஈச்சந்திடலில் கரண்டு இருந்தது, வழக்கம்போல மாலையில் போய் வந்தது. அமீருதீன் போனில் சொன்னார்: "ரோட்டுக்குத்தான் கெளம்பினேன் மா. எந்தப் பக்கம் நடந்தாலும் நம்ம கொளத்துக்கே வந்து நிக்கிறேன். அரிசி இருக்கு, கொளத்துல மீனு இருக்கு. ஆனா இன்னா பேஜாரு இது." பின்னால் சிஃபா போனைப் பிடுங்கி, "ம்மா, ஊட்டுக்கு எப்ப வருவ?" என்று கேட்டாள். "வந்துக்கினே இருக்கேன் கண்ணு," என்றாள் மெஹர்னிசா. ஆவணி முழுக்க, புரட்டாசி முழுக்க அவள் அதையேதான் சொன்னாள். ஒருநாள்கூட அது பொய்யாகவில்லை. எல்லா நாளும் அவள் கிளம்பி வந்துகொண்டுதான் இருந்தாள்.

அச்சுத் மறுநாளிலிருந்து தினமும் பெயரைத் திரும்பத் தட்டினான். தரையில் போய் நின்று எடுத்த புது அளவு இல்லாமல் ஏற்றிய எழுத்துகள் புள்ளியின் மேல் நிற்காமல் வழுக்கித் திரையின் அடியில் போய்க் குவிந்தன. காலையில் கூட்ட வந்த பூவம்மாள், மேசையில் சிதறிக் கிடந்த எழுத்துகளை முறத்தில் வாரிக் குப்பைக் கூடையில் கொட்டினாள். "டெய்லி இதான் நைனா, எறும்பு மாதிரி மொய்க்குது," என்று மட்டும் சொன்னாள். எனவே கருவியோடு ஊருக்குள் ஆள் போயே ஆக வேண்டும். ஊருக்குள் போக வேண்டுமென்றால் ஊர் வரைபடத்தில் இருக்க வேண்டும். அச்சுத் இதை ஒரு படமாக வரைந்து பார்த்தான்; வட்டமாக வந்தது.

மெஹர்னிசா எருக்கம்பேட்டில் ஓர் அறை எடுத்துக்கொண்டு ஊரைத் தேடும் வேலையைத் தொடங்கினாள். முதலில் வருவாய் அலுவலகத்துக்குப் போனாள். அங்கிருந்த அதிகாரி பொறுமையானவர். தங்கள் ஆவணப்படி ஈச்சந்திடல் தனி ஊரே அல்ல, எருக்கம்பேட்டின் ஒரு பகுதிதான், எருக்கம்பேடு பத்திரமாக இருக்கிறது, ஆகவே எதுவும் தொலையவில்லை என்று விளக்கி, தண்ணீர் கொடுத்து அனுப்பினார். அடுத்து, எருமைகளின் பின்னால் போனாள். சாலையில் மேய்ந்த ஈச்சந்திடல் எருமைகள் அன்றாடம் மாலையில் வீட்டுக்குப் போய்க்கொண்டுதான் இருந்தன. அவற்றுக்கு வரைபடம் பழக்கமில்லை. கயிற்றைப் பிடித்துக்கொண்டு நடந்தவள் கையில் கடைசியில் கயிறு மட்டும் இருந்தது, எதிரே டீக்கடை இருந்தது. கடைக்காரர் கேட்காமலே டீ போட்டுக் கொடுத்தார்.

ஐப்பசியில் அவள் ஆதிகேசவனிடம் வந்தாள். அவர் இப்போது எருக்கம்பேட்டை மட்டும்தான் கூவிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, எங்க ஊர் பேர ஏன் கூவறதில்ல?"

"கூவி ஏத்துனா எறக்கி உடணும், தங்கச்சி. எறக்க முடியாத ஊர கூவக்கூடாது. ஸ்டாண்டுல எல்லாருக்கும் அதான் சட்டம். மீறினா நம்மள லைன்ல நிக்க உடமாட்டானுங்க."

"நான் கூவலாமில்ல? எனக்கு லைன் கெடையாது."

ஆதிகேசவன் யோசித்தார். பயணி கூவக்கூடாது என்று சட்டம் எதுவும் இல்லை. மெஹர்னிசா பின் சீட்டில் உட்கார்ந்து, முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, பைபாஸ் முனையிலிருந்தே ஈச்சந்திடல் ஈச்சந்திடல் என்று கூவிக்கொண்டு போனாள். சிறுபாலத்தைத் தாண்டியதும், இரண்டு மாதமாக யாரும் பார்க்காத ஈச்ச மரங்கள் இடது பக்கம் வரிசையாக வந்தன. அவள் வெளியே எட்டி அவற்றைப் பார்த்தாள். கூவல் நின்றது. ஆட்டோ எருக்கம்பேட்டில் நின்றது.

மறுநாளிலிருந்து, வெளியே மாட்டிக்கொண்ட ஊர்க்காரர்கள் முறைபோட்டு ஏறினார்கள். சாலைக்கும் ஒரு கோபம் இருந்திருக்க வேண்டும். முன்பு இருந்ததைவிடப் பல மடங்கு நீண்டுபோயிருந்தது. குரல் இருக்கும்வரை மரங்கள் வந்தன, மூச்சு வாங்க நிறுத்தினால் டீக்கடை வந்தது. கூவலை டேப்பில் பதிந்து போட்டுப் பார்த்தார்கள். ஆட்டோ அதைப் பதிவு செய்த இடத்துக்கே சரியாகப் போய் நின்றது, அதுவும் டீக்கடைதான். உள்ளே உட்கார்ந்து போகிறவன் வாயால்தான் கூவ வேண்டும் என்பது முடிவாயிற்று. மழை வேறு பிடித்துக்கொண்டது. அவர்களில் பாதிப் பேருக்குத் தொண்டை கட்டியது. மாடி ஜன்னலிலிருந்து இதைப் பார்த்த அச்சுத், உயரத்தில் இத்தனை சாட்டிலைட் சுற்றும் காலத்தில் இவர்கள் ஆட்டோவில் பஜனை நடத்துகிறார்கள் என்று சிரித்தான். அவனோடு சிரிக்க அங்கே யாரும் இல்லை. எல்லோரும் மிளகுப் பால் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள்.

ஐப்பசி முடிவில் டேட்டாவைப் பூட்டப்போவதாக ஹைதராபாத்திலிருந்து தகவல் வந்தது. பூட்டினால் எந்தப் பெயரையும் ஏற்ற முடியாது; அடுத்து எப்போது திறப்பார்கள் என்று அவர்களுக்கே தெரியாது. அதே நாள் காலையில் சிஃபா போனில் பேசினாள். ஆட்டுக்குட்டி பற்றிச் சொன்னாள், மழை பற்றிச் சொன்னாள், எப்போது வருவாய் என்று மட்டும் கேட்கவில்லை. மெஹர்னிசா போனை வைத்துவிட்டு அச்சுத்தின் மேசைக்கு வந்தாள்.

"கருவிய எடுங்க சார். நீங்க கையெழுத்து போட்டாத்தான் வெளிய வரும். அத எடுத்துக்கினு நீங்களும் வாங்க."

"ஏம்மா, நான் வந்து கோரஸ் பாடணுமா?"

"வேணாம் சார். நீங்க சும்மா ஒக்காந்துக்கினு வாங்க. அழிச்சவரு இருந்தா போதும்."

அவள் குரலை உயர்த்தவில்லை; உயர்த்த அவளிடம் குரலும் அதிகம் மிச்சமில்லை. அச்சுத் கையெழுத்துப் போட்டான்.

ஆதிகேசவன் ஓட்ட, அச்சுத் மடியில் கருவியோடு உட்கார, மெஹர்னிசாவும் பேக்கிங் பிரிவில் வேலை செய்யும் கன்னியம்மாவும் வாட்ச்மேன் ராஜமாணிக்கமும் ஆளுக்கொரு தடவையாகக் கூவிக்கொண்டு போனார்கள். மூவருமே ஈச்சந்திடல்காரர்கள். மரங்கள் வந்தன. மரங்களுக்குப் பின்னால் பள்ளிவாசலின் பச்சைச் சுவர் வந்தது. ராஜமாணிக்கத்துக்கு இருமல் பிடித்துக்கொண்டது. குளத்துக்குப் போகும் மண்பாதை தெரிந்தபோது கன்னியம்மாவின் குரல் போயிற்று. மெஹர்னிசா தனியாகக் கூவினாள். கூவல் கிழிந்து, பிறகு காற்றாக வந்து, பிறகு அதுவும் வரவில்லை. உதடுகள் மட்டும் ஊர்ப் பெயரைச் சொல்லிக்கொண்டே இருந்தன. மண்பாதை மெல்லத் தார்ச் சாலையாக மாறியது. எதிரே தூரத்தில் டீக்கடையின் போர்டு தெரிந்தது.

அச்சுத் கருவியைப் பார்த்தான். ஒரு சாட்டிலைட்கூட இல்லை. மெஹர்னிசாவின் உதடுகளைப் பார்த்தான். பிறகு வெளியே திரும்பி, யாரிடமோ முகவரி சொல்வதுபோல, "ஈச்சந்திடல்," என்றான்.

ஆட்டோ லேசாக இடது பக்கம் இழுத்தது.

"அப்டி சொன்னா யாருக்கு சார் கேக்கும்?" என்றார் ஆதிகேசவன், திரும்பிப் பார்க்காமல். "வயித்துலேர்ந்து வரணும்."

அச்சுத் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்தான். ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு பாதி உடம்பை வெளியே விட்டு, ஈச்சந்திடல் ஈச்சந்திடல் ஈச்சந்திடல் என்று கூவினான். தார் மண்ணாயிற்று. ஆட்டோ குளக்கரையில் போய் நின்றது. அமீருதீன் வலையை மடித்துக்கொண்டிருந்தார், பக்கத்தில் சிஃபா நின்றாள். மெஹர்னிசா இறங்கி அவளைத் தூக்கிக்கொண்டாள். பேச முடியவில்லை.

"ம்மா, உன் சத்தம் எங்க?" என்று கேட்டாள் சிஃபா.

"வந்துட்டீங்க தம்பி, நிறுத்துங்க," என்றார் அமீருதீன். அச்சுத் நிறுத்தவில்லை. கருவியைக் கையில் ஏந்தி, குளக்கரையில் ஆடாமல் நின்று, நாலு சாட்டிலைட்டும் தெரியும்வரை கூவிக்கொண்டே இருந்தான்.

அன்று ஏற்றிய பெயர் வழுக்கவில்லை. மறுநாளிலிருந்து சாலை யாரும் கூவாமலே ஈச்சந்திடலுக்குப் போனது. டேட்டாவைப் பூட்டுவதற்கு முன் அச்சுத் தான் அந்த ஆடி வாரத்தில் செய்த வேலையை ஒருமுறை சரிபார்த்தான். அவசரத்தில் அழித்தது ஈச்சந்திடலை மட்டுமல்ல. ஊத்துக்கோட்டைப் பக்கமும் பெரியபாளையம் பக்கமும் சின்னச் சின்னதாகச் சில ஊர்கள் போயிருந்தன. அவற்றின் ஆட்கள் எங்கே புகார் சொல்வதென்று தெரியாமல் பக்கத்து ஊர்களில் வாடகைக்குக் குடியிருந்தார்கள். சிலர் அங்கேயே ரேஷன் கார்டும் மாற்றியிருந்தார்கள்.

ஹைதராபாத்துக்கு அவன் ஒரு வரி எழுதினான்: பூட்ட வேண்டாம், வேலை முடியவில்லை. அடுத்த நாள் மாலை கருவியைப் பையில் போட்டுக்கொண்டு, பெரியபாளையம் பஸ் நிலையத்துக்கு வெளியே ஆதிகேசவனின் ஆட்டோ அருகில் நின்றான். வேண்டுதலுக்கு உடுத்திய வேப்பிலைச் சேலையோடு கோயிலிலிருந்து வந்த கூட்டம் அவனைத் தள்ளிக்கொண்டு போனது. முதலில் மெதுவாகவும், பிறகு கொஞ்சம் சத்தமாகவும், அங்கே யாரும் மாதக்கணக்காக உச்சரிக்காத, தொலைந்த ஊர் ஒன்றின் பெயரை அவன் கூவ ஆரம்பித்தான். மூட்டையோடு ஒரு குடும்பம் திரும்பிப் பார்த்தது. எதுவும் கேட்காமல் வந்து ஏறியது, இறங்க வேண்டிய இடத்தில் இறங்கியது.