கறிமிளகாய்க் குப்பா

டோம் என்றால் வாப்பாவுக்கு விளங்காதே என்று, "கெம்பஸ்ல நாங்க ஒரு குப்பா கட்டீக்கிறோம், வந்து பாருங்க" என்று போனில் சொல்லித் தொலைத்தாள் அஸீமா. தவளை தன் வாயால் கெடும் என்பது பொய்யா என்ன?

கம்பளையில் புடவைக்கடை வைத்திருக்கும் பஹீம் ஹாஜியாருக்குக் குப்பா என்றால் பள்ளிவாசல் உச்சியில் உருண்டு நிற்கும் குப்பாதான். தொழப் போகிறவர்போல் கைகால் கழுவி ஒளு செய்து, அத்தர் பூசி, வெள்ளைத் தொப்பியும் ஒரு பெட்டி ஈத்தம்பழமுமாகப் பேராதனைக் கெம்பஸில் வந்து இறங்கினார்.

"கடைத்தெரு முழுக்கச் சொல்லிட்டுத்தான் வாறேன் மகள்!"

அஸீமா அவரை மரங்களின் பக்கம் கூட்டிக்கொண்டு நடந்தாள். பட்டம் முடிந்ததும் வீட்டுக்கு வா என்பவரிடம், ஆராய்ச்சிக்காக இன்னும் இரண்டு வருஷம் இங்கேயே இருக்கட்டுமா என்று இன்றைக்குத்தான் கேட்க இருந்தாள். மனிதர் கோபித்துக்கொண்டு பஸ் ஏறினால் எல்லாம் போச்சு.

மரங்களுக்குப் பின்னால் அது தெரிந்தது. முக்கோணம் முக்கோணமாகக் கம்பிகளைப் பொருத்தி, கண்ணாடி போன்ற தகடு போட்ட பெரிய அரைப்பந்து.

"பள்ளி எங்க?" என்றார் வாப்பா.

"பள்ளி இல்ல வாப்பா. உள்ளுக்கு... கறிமிளகாய் ஈக்குது."

"கறிமிளகாய்க்குக் குப்பாவா!"

அவர் முகம் சுருங்கிப்போனது. கடைத்தெருவுக்கு என்ன பதில் சொல்வார், பாவம். ஆனாலும் வந்த காலோடு திரும்ப மனமில்லாமல், செருப்பைக் கழற்றி வாசலில் வைத்துவிட்டு உள்ளே போனார். செடிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த பிள்ளைகளைப் பார்த்து, நடுவில் நின்று, "அஸ்ஸலாமு அலைக்கும்" என்றார்.

குரல் மேலே போய்த் தகட்டில் பட்டுத் திரும்பி வந்தது: "...அலைக்கும்."

"வஅலைக்குமுஸ் ஸலாம்!" என்று மேலே பார்த்துப் பதிலும் சொல்லிவிட்டார் ஹாஜியார்.

பிள்ளைகள் சிரித்தார்கள். அவருக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஈத்தம்பழப் பெட்டியைத் திறந்து ஆளுக்கு இரண்டு கொடுத்தார்.

"நடுவுல ஒரு தூண்கூட இல்லையே மகள்?"

"ஒரு கம்பிய மத்தக் கம்பி தாங்கிக்கும் வாப்பா." இதை விட்டால் வேறு நேரம் வாய்க்காது. "இந்த ஆராய்ச்சி முடிய இன்னும் ரெண்டு வருஷம் வேணும். நான் இங்கயே நிக்கட்டா?"

அவர் வாயைத் திறக்குமுன் போன் அடித்தது. பக்கத்துக் கடை ஷிராஸ்.

"என்ன ஹாஜியார், மகள்ட குப்பா முடிஞ்சுதா?"

வாப்பா அவளைப் பார்த்தார், மேலே பார்த்தார்.

"எங்க முடியிற! இன்னும் ரெண்டு வருஷ வேல ஈக்குது. மகள் இல்லாம நடக்குமா?"