தாங்சேயில் ஒரு வீடு

சம்பந்தம் ராணுவத்தில் லாரி ஓட்டியவர். ஓய்வு பெற்று ஆரணிக்கு வந்து இருபது வருடம் ஆகிறது. லடாக்கைப் பற்றிப் பேச்செடுத்தால் மட்டும் நேற்றுத்தான் அங்கிருந்து வந்தவர் மாதிரி பேசுவார். மரமே இல்லாத மலைகள், மழையைப் பார்க்காத மண், காற்றில் அடித்துக்கொள்ளும் வண்ணத் துணிக்கொடிகள், மடங்களில் எரியும் வெண்ணெய் விளக்கின் வாசனை. அவர் மனைவி ஸ்வர்ணலதா தறியில் உட்கார்ந்தபடி இதையெல்லாம் கேட்டுக் கேட்டு, பார்க்காத அந்த ஊருக்கு வழி சொல்லும் அளவுக்குத் தேறியிருந்தாள்.

தொண்ணூற்று நாலாம் வருடப் பனிக்காலத்தில், சாங் லா கணவாயைத் தாண்டி தாங்சே பக்கத்தில் அவருடைய லாரி பனியில் மாட்டிக்கொண்டது. மரத்துப்போன கால்களோடு நடந்து, கண்ணில் பட்ட முதல் வீட்டின் கதவைத் தட்டினார். டோல்மா என்ற பெண் கதவைத் திறந்தாள். இரண்டு நாள் அவரை அடுப்புக்குப் பக்கத்திலேயே படுக்க வைத்து, உப்பும் வெண்ணெயும் போட்ட டீயைக் கொடுத்துக்கொண்டே இருந்தாள். அவருடைய கால்களைத் தன் மடியில் வைத்துத் தேய்த்துவிட்டாள். அப்போது ஆரணியில் ஸ்வர்ணலதாவுக்குப் பெண் பிறந்து நாற்பது நாள். இதையெல்லாம் எழுதிய இன்லண்ட் லெட்டர் வந்து சேர ஒரு மாதம் ஆனது. யாருக்கும் தெரியாமல் அதைப் பத்து முறையாவது படித்திருப்பாள்.

அந்தப் பெண் குழந்தை தேவிப்ரியா இப்போது பெங்களூரில் வேலை பார்க்கிறாள். போன ஜூனில் மூன்று பேருக்கும் லேவுக்கு விமான டிக்கெட் போட்டாள். ஸ்வர்ணலதா உடனே ஜரிகை இல்லாமல், அடர்ந்த அரக்குச் சிவப்பில் இரண்டரை மீட்டர் பட்டு நெய்தாள்.

"இது யாருக்கு?" என்றார் சம்பந்தம்.

"அந்தம்மாவுக்குத்தான். புடவை குடுத்தா இன்னா பண்ணுவாங்க? அங்க சாமியாருங்க கட்டற கலர் இதுன்னு நீங்கதான சொன்னீங்க."

வழி முழுக்க அவர் புத்தி சொல்லிக்கொண்டே வந்தார். லேவில் இறங்கியதும் வேகமாக நடக்கக் கூடாது, தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும். கடைசியில் விழுந்தது அவர்தான். மறுநாள் காலையில் உதடு நீலம் பாரித்து, மூச்சு வாங்கியது. நுரையீரலில் நீர் கோத்திருக்கிறது என்று ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்தார்கள். பிழைத்துக்கொள்வார், ஆனால் இதற்கு மேல் ஒரு அடி ஏறக் கூடாது, தேறியதும் ஊருக்குத் திரும்ப வேண்டும் என்றார் டாக்டர்.

"இந்த மலைல லோடு ஏத்திகினு ஏறினவன்மா நான்" என்று மகளிடம் சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

இரண்டு நாள் கழித்து, முகத்தில் கொஞ்சம் களை திரும்பியபோது மனைவியைக் கூப்பிட்டார்.

"நீயாவது போய் பாத்துட்டு வா, சொர்ணா."

"உங்கள இப்படி உட்டுட்டா?"

"தேவி கூட இருக்குதே. நான் இனிமே இந்தப் பக்கம் வரப்போறதில்ல. ஒருத்தராவது போவணும்."

ரிக்சின் என்ற இளைஞனின் காரில் அவள் கிளம்பினாள். ஜபல்பூர் குவார்ட்டர்ஸில் நாலு வருடம் இருந்தபோது கற்ற இந்தி கைகொடுத்தது. கணவாயில் இறங்கி நின்றபோது குளிர் காதைப் பிய்த்தது. கொடிகள் படபடத்தன. எல்லாமே அவர் சொன்ன மாதிரியே இருந்தன. இருபத்தேழு வயதில் இங்கே தனியாக நின்றுகொண்டு, பெண் யார் ஜாடை என்று கேட்டு எழுதியவரை நினைத்தாள். காரில் ஏறி, கண்ணாடியை ஏற்றும்படி ரிக்சினிடம் சொன்னாள்.

தாங்சேயில் இரண்டு இடத்தில் விசாரித்ததும் வீடு கிடைத்தது. டோல்மா வெயிலில் உட்கார்ந்து பிரார்த்தனைச் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டிருந்தார். எழுபதைத் தாண்டியிருந்தார். ரிக்சின் அவர்கள் பாஷையில் எல்லாவற்றையும் சொன்னான். அவர் வெகுநேரம் யோசித்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

"ஞாபகம் இல்லையாம். பனிக்காலத்தில் எத்தனையோ சிப்பாய்கள் கதவைத் தட்டியிருக்கிறார்களாம்" என்றான் ரிக்சின்.

ஆனாலும் டோல்மா ஸ்வர்ணலதாவின் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப்போய், அடுப்படியில் உட்கார வைத்து டீ கொடுத்தார். ஒரு வாய் குடித்ததும் ஸ்வர்ணலதாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒரு தீபாவளிக்கு சம்பந்தம் இதே டீயைப் போடுகிறேன் என்று கால் கிலோ வெண்ணெயை வீணாக்கியதும், சின்னப் பெண்ணாக இருந்த தேவி அதைத் துப்பியதும் நினைவுக்கு வந்தன. கொண்டுவந்த பட்டுத் துணியை எடுத்துக் கொடுத்தாள். டோல்மா அதை விரல்களால் தடவிப் பார்த்து, பூஜையறைக்குக் கொண்டுபோய் புத்தரின் காலடியில் விரித்தார்.

ஆஸ்பத்திரிக்குத் திரும்பும் வழியெல்லாம் ஒரு பொய்யைத் தயார் செய்துகொண்டே வந்தாள். அவர் முகத்தைப் பார்த்ததும் சொல்ல முடியவில்லை.

"ஞாபகம் வச்சிகினு இருந்தாங்களா?"

"இல்லீங்க. உங்கள மாதிரி எத்தினியோ பேரக் காப்பாத்திருக்காங்க."

சம்பந்தம் மறுபடி சுவர்ப் பக்கம் திரும்பினார்.

"கெளம்பறப்போ ஒண்ணு கேட்டாங்க. அந்தச் சிப்பாய் நல்லபடியா வீட்டுக்குப் போய் சேந்தானான்னு."

"நீ இன்னா சொன்ன?"

"சேந்துட்டார், முப்பது வருஷமா என்கூடத்தான் இருக்கார்னு சொன்னேன். கைய புடிச்சிகினு சிரிச்சாங்க."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு தலையணையில் சாய்ந்து உட்கார்ந்து, "அடுப்பு அதே மூலையிலதான் இருக்குதா?" என்று கேட்டார். அவள் கட்டிலோரம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, முதலில் இருந்து சொல்ல ஆரம்பித்தாள்.