சித்தப்பாவை நீக்கவும்

'வெளியிடுவதற்கு முன் சித்தப்பாவை நீக்கவும்' என்று அந்த மின்னஞ்சலில் இருந்தது. அப்போது சித்தப்பா என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார், பழுதான மின்விசிறி ரெகுலேட்டரைக் கழற்றிப் போட்டுக்கொண்டு. சத்தமாகப் படிக்கச் சொன்னார். படித்தேன்.

"உங்கம்மாவாலயே முடியல," என்றார். "கம்பெனிக்காரன் சொன்னா நடந்துருமா?"

கேம் வெளியிடும் அந்த நிறுவனம் நீக்கச் சொன்னது ஓர் எறும்பை. நான் தனியாக உருவாக்கிய கணினி கேம் முழுக்க ஒரு சமையலறையில் நடக்கிறது. சுவர் விரிசலில் ஒரு புற்று. விளையாடுகிறவர் அதைச் சாகாமல் காப்பாற்ற வேண்டும். எறும்புகள் வாசனையை வைத்துத்தான் நடக்கும். முன்னால் போனது விட்டுச்சென்ற வாசனை எங்கே அதிகமோ அந்தப் பக்கம் அடுத்தது திரும்பும். கல்லூரியில் விலங்கியல் படித்தபோது எனக்குப் பிடித்திருந்த ஒரே பாடம் அதுதான். நிரலில் கடைசி எறும்புக்கான வரியில் 'அதிகம்' என்பதற்கான குறியைத் திருப்பிப் போட்டுவிட்டேன். அதனால் ஒவ்வொரு கட்டத்திலும் அந்த ஓர் எறும்பு மட்டும் எல்லோரும் போகும் பாதையை விட்டுவிட்டு, வாசனையே இல்லாத பக்கம் நடந்தது. தவறைக் கண்டுபிடித்தபோது அதற்கு 'சித்தப்பா' என்று பெயர் வைத்தேன். திருத்தினேன். பிறகு, நான் பார்த்த ஒன்றினால், திருத்தியதை மறுபடி தவறாக்கி வைத்தேன்.

பெயருக்குக் காரணம் உண்டு. என் சித்தப்பா பல்பு வாங்கப் போனால் மீன்தொட்டியோடு வருவார். பல்பு வராது. அம்மாவுக்குத் தலைவலி மாத்திரை வாங்கப் போன ஒரு நாள், வழியில் ஏதோ கூட்டத்தைப் பார்த்து உள்ளே நுழைந்திருக்கிறார். அது கேம் கண்காட்சி. "எங்க வீட்டுப் பொண்ணும் ஒண்ணு பண்ணியிருக்கு, ஒரு மேஜை கொடுங்க" என்று நின்று கேட்டு வாங்கிவிட்டார். அந்த மேஜையில்தான் இந்தப் பெரிய நிறுவனம் என் கேமைப் பார்த்தது. மாத்திரையை அம்மா தானே போய் வாங்கிக்கொண்டாள்.

"ஒரு எறும்புக்காக யாராவது வந்த வாய்ப்பை விடுவாங்களா?" என்றாள் அம்மா. "நான் சக்கரை டப்பாலேர்ந்து தினம் எத்தனை எடுத்துப் போடுறேன். ஒண்ணை எடுத்துட்டுக் கையெழுத்துப் போடுடி."

மறுவாரம் அந்த நிறுவனத்தின் அலுவலகத்துக்குப் போனேன். சித்தப்பா துணைக்கு வந்து வரவேற்பறையில் உட்கார்ந்துகொண்டார். உள்ளே ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடி, எதிர்ச்சுவரில் பெரிய திரை. வெளியீட்டுப் பிரிவின் தலைவியும் சோதனைப் பிரிவின் மூத்தவரும் இருந்தார்கள். ஒப்பந்தத் தாள்கள் மேஜைமேல் இருந்தன. பேச வேண்டியதை வழியெல்லாம் சொல்லிப் பார்த்திருந்தேன். நாற்காலியில் உட்கார்ந்ததும் முதல் வாக்கியம் போய்விட்டது. அது போனதும் மற்றவையும் அதன் பின்னாலேயே போய்விட்டன.

"அது... வேணும்," என்றேன். அவ்வளவுதான் வந்தது.

சோதனைப் பிரிவுக்காரர் கடுமையானவர் இல்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. "உங்க கேமைக் கெடுக்கணும்னு சொல்லலைம்மா. நானே அதை எடுத்துட்டு ஓட்டிப் பாத்தேன். முதல் கட்டம் முழுக்க வெண்ணெய் மாதிரி போகுது."

"வாங்குறவங்க என்ன நினைப்பாங்க சொல்லுங்க," என்றார் தலைவி. "ஒரு எறும்பு மட்டும் சொன்ன பேச்சு கேக்கல, பணம் வேஸ்ட்டுன்னு எழுதுவாங்க. இதைச் சரி பண்ணிட்டா இன்னிக்கே கையெழுத்து. இல்லன்னா அடுத்த வருஷம் பாக்கலாம்."

அடுத்த வருஷம் என்றால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். ஒரு மருந்துக் கம்பெனியின் ஆய்வகத்தில் எனக்கு வேலை தயாராக இருந்தது. அங்கே சேர்ந்துவிட்டால் புற்றுக்குத் திரும்பி வர மாட்டேன். பேச்சு வராவிட்டாலும் எனக்குக் கை இருந்தது.

"சார் சரி பண்ணினதை நான் விளையாடலாமா?" என்று கேட்டேன்.

நேராக மூன்றாம் கட்டத்துக்குப் போனேன். அதில் ஒரு கிண்ணம் நிறையச் சர்க்கரை இருக்கும், சீக்கிரம் தீர்ந்துவிடும். தீர்ந்தது. எறும்புகள் கிண்ணத்தின் விளிம்பில் ஒன்றன்பின் ஒன்றாகச் சுற்றத் தொடங்கின. விளிம்பில் வாசனை இருந்தது. அது அவை நடந்ததால் வந்த வாசனை. நடக்க நடக்க அது கூடியது.

"எவ்வளவு ஒழுங்கு பாருங்க," என்றார் சோதனைப் பிரிவுக்காரர்.

எறும்புகள் சுற்றிக்கொண்டே இருந்தன. முதல் எறும்பு விழுந்தபோது அவர் தாடையிலிருந்து கையை எடுத்தார். இரண்டாவது விழுந்தது. பின்னால் வந்தவை அதைச் சுற்றிக்கொண்டு நடந்தன. புற்றின் உயிரைக் காட்டும் வெளிச்சம் மங்கியது. "கொஞ்சம் பொறுங்க, கண்டுபிடிச்சிரும்," என்று அவர் திரையைப் பார்த்துச் சொன்னார். கண்டுபிடிக்கவில்லை. திரை முழுதாக இருண்டது.

அவர் திருத்திய நிரலில் அந்த ஒரு குறியை மறுபடி திருப்பிப் போட்டேன். அதே கட்டத்தை மறுபடி தொடங்கினேன். சர்க்கரை தீர்ந்தது, வட்டம் தொடங்கியது. அதிலிருந்து ஓர் எறும்பு மட்டும் இறங்கியது. குழாயின்மேல் ஏறியது. எதற்கோ திரும்பி வந்தது. சோப்புக்கட்டியை ஒரு சுற்று சுற்றிவிட்டு அங்கேயே நின்றது.

"எங்க போறான் இவன்?" என்றார் சோதனைப் பிரிவுக்காரர்.

தலைவி நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். எறும்பு அலமாரிக்குப் பின்னால் மறைந்தது. விளிம்பில் ஒன்று விழுந்தது. "வாடா, வா," என்று அவர் முணுமுணுத்தார். அலமாரிக்கு அடியில் தேன் பாட்டிலிலிருந்து வழிந்து காய்ந்த ஒரு துளி இருந்தது. வயிறு மின்ன, வழியெல்லாம் புது வாசனையை விட்டபடி எறும்பு திரும்பி வந்து விளிம்பில் ஏறியபோது, வட்டத்திலிருந்து ஒன்று தலையைத் திருப்பியது. பிறகு இன்னொன்று. வட்டம் உடைந்து, நீண்டு, ஒரு வரிசையாகத் தரைக்கு இறங்கியது.

மேஜையை ஓங்கித் தட்டியது சோதனைப் பிரிவுக்காரர்தான். "நான் மூணாவது கட்டத்துக்கே போகலைம்மா," என்றார். முகம் முழுக்கச் சிரிப்பு.

"இதை யாரும் எடுக்கக் கூடாதுன்னு ஒப்பந்தத்துல எழுதணும்," என்றேன். அறைக்குள் ஒரு குரல் தெளிவாகக் கேட்டது. என்னுடையதுதான்.

தலைவி பேனாவை எடுத்து ஓரத்தில் அந்த வரியைத் தானே எழுதிக் கையெழுத்திட்டார். தாள்களை என் பக்கம் தள்ளினார். நான் மெதுவாக, முழுப் பெயரையும் போட்டேன்.

"சரி, யாரு இந்தச் சித்தப்பா?"

"வெளியிலதான் உக்காந்திருக்கார்."

எட்டிப் பார்த்தோம். வரவேற்பறை நாற்காலியில் என் பை மட்டும் இருந்தது.

நான் கண்ணாடிப் பக்கம் போனேன். இருவரும் பின்னாலேயே வந்தார்கள். கீழே சாலையில் அலுவலகம் விட்ட கூட்டம் ஒரே திசையில் ரயில் நிலையத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. அதற்கு எதிரே, தோள்களுக்கு நடுவில் வழி விட்டும் வழி கேட்டும், நீலச் சட்டையில் ஒருவர் நடந்துகொண்டிருந்தார். ஒரு கடை முன்னால் நின்றார். அடுத்த கடைக்குள் எட்டிப் பார்த்தார்.

"எங்க போறார் அவர்?" என்றார் தலைவி.

எங்கள் மூன்று பேரின் மூச்சும் கண்ணாடியில் படிந்தது. நான் என் கையால் துடைத்துவிட்டேன். சித்தப்பா ஒரு சந்துக்குள் திரும்பினார்.