வாய்க்கால் ஓரத்துப் பச்சை

மெத்வல்லி அந்தக் கறுப்புத் தூளை மறுபடியும் முகர்ந்து பார்த்தார். மழை ஓய்ந்த வயலின் வாசனைதான் வந்தது. அதுதான் அவருக்குப் பிடிக்கவில்லை. மருந்தென்றால் நாறவேண்டும், கண் எரியவேண்டும், பக்கத்துத் தெருப் பூனையாவது தும்மவேண்டும்.

சந்தேகப்படுவதில் நைல் டெல்டா முழுக்கத் தேடினாலும் அவருக்கு ஈடு கிடையாது. காலையில் சூரியன் உதித்தால்கூட, இதில் யாருக்கு என்ன ஆதாயம் என்று யோசித்துவிட்டுத்தான் முகம் கழுவுவார். ஆனால் இந்தத் தடவை நியாயமான காரணம் இருந்தது. பொட்டலத்தைக் கொடுத்தவன் ரிஸ்க். மனைவி இன்ஷிராஹின் அண்ணன். வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்து வயல்காரன். போன பருவத்தில் வேரழுகல் வந்து மெத்வல்லியின் ஃபூல் என்ற அவரைப் பயிர் மொத்தமும் படுத்துவிட்டது. இரண்டு வயலுக்கும் சொந்தக்காரியான தமன்ஹூர் நகரத்து விதவை முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டாள்: இந்த வருஷமும் வெறுங்கையோடு நின்றால் உன் குத்தகையும் ரிஸ்குக்குத்தான். அப்படிப்பட்ட ரிஸ்க், வாய்க்காலைத் தாண்டி வந்து மருந்தை நீட்டினால் என்ன அர்த்தம்?

வேளாண் அலுவலகத்து எஞ்சினியரம்மா சொன்னதாக அவன் ஒப்பித்தான். உள்ளே இருப்பது உயிருள்ள நல்ல பாக்டீரியா. விதையைச் சர்க்கரைத் தண்ணீரில் பிசிறி, தூளில் புரட்டி, வெயில் படாமல் கொண்டுபோய் விதைத்து, உடனே மண் மூடவேண்டும். வேறு மருந்து பட்டால் அது செத்துப்போகும். பிழைத்தால் வேரைச் சுற்றிக் குடியேறி, அழுகல் பூஞ்சையை அண்டவிடாது.

“திருடனுக்குப் பயந்து இன்னொரு திருடன வீட்டுல குடிவைக்கிற கதையால்ல இருக்கு,” என்றார் மனைவியிடம்.

“வைக்காதப்பவே போன வருஷம் வந்து அள்ளிட்டுப் போனானே,” என்றாள் இன்ஷிராஹ், ரொட்டி மாவை அறைந்துகொண்டே.

“ஒங்கண்ணன் தேனக் குடுத்தாலும் நான் நாய்க்கு வச்சுப் பாத்துட்டுத்தான் தொடுவேன்.”

“நாய்க்கு ஒங்கள விடப் புத்தி உண்டு. நக்கிட்டுப் போயிரும்.”

யோசித்து யோசித்து, அரசர்களுக்கே தோன்றாத ஒரு திட்டத்தை மெத்வல்லி கண்டுபிடித்தார். வாய்க்காலோர இரண்டு சால்களுக்கு மட்டும் தூள். விஷமென்றால் அது வாய்க்காலைத் தாண்டி, கொடுத்தவன் வயலுக்கே திரும்பட்டும். மற்றதற்கெல்லாம் வழக்கமான சிவப்பு விதைமருந்து. ஆனால் தூள் போட்ட விதையை மணப்பெண்ணைப்போல் போர்த்தி, கழுதையின் நிழல்கூடப் பத்தாதென்று தன் நிழலையும் சேர்த்துக் கொடுத்து, பதமாக விதைத்து மூடினார். நாளைக்கு ‘நீ வெயில்ல வச்சிட்ட’ என்று சொல்லி ரிஸ்க் தப்பிவிடக் கூடாதல்லவா?

பனிமூட்டமும் ஈரமுமாகக் குளிர்காலம் நகர்ந்தது. நடுவயலில் செடிகள் மஞ்சளாகிச் சாய்ந்தன. பிடுங்கினால் வேர் எரிந்த திரியாக வந்தது. வாய்க்காலோர இரண்டு சால்களோ, கழுதையை உள்ளே விட்டால் தேட ஆள் வைக்கவேண்டிய அளவுக்குத் தழைத்துக் காய்த்து நின்றன. மெத்வல்லி அந்தச் சால்களை இரண்டு தடவை சுற்றிவந்தார். இது செடியின் வேலையில்லை. விடிகாலையில் ரிஸ்க் வந்து எதையோ ஊற்றுகிறான். இதைக் காட்டி ஆசைமூட்டி, அடுத்த வருஷம் முழு வயலையும் கவிழ்க்கப் பார்க்கிறான்.

மறுநாள் விடியலுக்கு முந்திய ஃபஜ்ர் தொழுகை முடிந்ததும் கம்பளியைப் போர்த்திக்கொண்டு செடிகளுக்குள் உட்கார்ந்தார். நினைத்தாற்போலவே ரிஸ்க் வந்தான். இருபுறமும் பார்த்தான். வாய்க்காலைத் தாண்டினான். ஒரு செடியைப் பிடுங்கி, மண்ணை உதறி, வேரை மூக்கோடு ஒட்டவைத்துப் பார்த்தான்.

“என்ன ஊத்துற மச்சான்?” என்று கம்பளியோடு எழுந்தார் மெத்வல்லி.

ரிஸ்க் அப்படியே சேற்றில் உட்கார்ந்துவிட்டான். “ஊத்தல மாப்ளே. பாக்குறேன்.”

“ஏன், ஒன் வயல்ல வேரே கெடையாதா?”

ரிஸ்க் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டினான். பனி கொஞ்சம் விலகியபோது அவன் வயல் தெரிந்தது. இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை மஞ்சள்.

“ஒனக்கு வச்சிருந்த தூள என்ன பண்ண?”

“ஆபீசுல குடுத்ததே ஒரு பொட்டலந்தான். உயிரோட இருக்குன்னாங்க. எனக்கு நம்பிக்கை வரல. மொதல்ல நீ போட்டுப் பாக்கட்டுமேன்னு…”

ஆக, ஆயுள் முழுக்கச் சந்தேகப்பட்டது ஒருமுறையாவது பலித்துவிட்டது. அதைக் கொண்டாட முடியாதபடி சுற்றிலும் வயல் செத்துக் கிடந்தது. வெள்ளிக்கிழமை விதவை பார்வையிட வருகிறாள். இரண்டு வயலுக்கும் சேர்த்து, காட்டுவதற்கும் விதைக்கு வைப்பதற்கும் இருப்பது இந்த இரண்டு சால்கள்தான்.

“ரெண்டு பேரும் சேந்து செஞ்ச சோதனைன்னு சொல்லிருவோம்,” என்றான் ரிஸ்க். “வெதையில பாதி எனக்கு. தூளு என்னுது.”

“வேரு என்னுது.”

“வேர்ல குடியிருக்குறது என்னுது மாப்ளே.”

மெத்வல்லி ஒரு காயைப் பறித்துப் பிளந்தார். வெள்ளைப் பஞ்சுக்குள் பச்சைப் பருப்புகள் குழந்தைகள்போல் படுத்திருந்தன. வேரில் இருப்பது வேரோடு நிற்குமா, காய்க்குள்ளும் ஏறியிருக்குமா? ஒன்றை ரிஸ்கின் உள்ளங்கையில் வைத்தார். ஒன்றைத் தான் எடுத்துக்கொண்டார்.

“மொதல்ல தின்னு. பங்கு அப்புறம்.”

“நீ தின்னு.”

கரையில் அன்றைய முதல் வெயில் விழுந்தது. இருவரும் பருப்பை உதடுவரை கொண்டுபோய், ஒருவர் தாடையை ஒருவர் பார்த்தபடி நின்றார்கள்.