பதினேழாம் எண் குப்பி

என் தங்கையின் சிறுநீரகத்தை அவளுடைய எதிர்ப்புச் சக்தியே அரித்துக்கொண்டிருந்தது. வேலியே பயிரை மேய்கிற கதை. குடலில் இருக்கும் சில கிருமிகள்தான் அதைத் தூண்டிவிடுகின்றன என்று எங்கள் ஆய்வுக்கூடத்தில் ஒரு சந்தேகம். மலத்தில் அவை தெரிந்தவர்களுக்கு மட்டும் புது மருந்து, மொத்தம் முப்பது இடம். அவளுக்கு ஓர் இடம் கிடைத்தால் டயாலிசிஸைத் தள்ளிப்போடலாம். வரும் குப்பிகளைச் சோதிப்பவள் நான். மேலே எண் மட்டும்தான் இருக்கும். பதினேழு யாருடையது என்று எனக்குத் தெரிந்திருக்கக் கூடாது. தெரியும்.

பதினேழில் அந்தக் கிருமிகள் மருந்துக்குக்கூட இல்லை. அப்படியொரு ஆரோக்கியமான குடலை அந்த வருடம் நான் பார்க்கவேயில்லை. விதிப்படி அவளை நீக்கினார்கள். பட்டியலை மூடி, மற்றவர்களுக்கு மருந்தும் கொடுக்கத் தொடங்கிவிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஆறுதல் சொல்லப் போனேன். "உன் குடல்ல அந்தக் கிருமியே இல்லடி. அதான் உன் பேரை எடுத்துட்டாங்க."

"எதை வச்சு பார்த்தீங்க?" என்றாள் தங்கை. "குப்பி வாங்க ஆள் வந்தன்னைக்கு எனக்கு நாலு நாளா போகவே இல்ல. திரும்ப வருவாங்கன்னு இவர் சொன்னாரே, அதுக்குத்தானே காத்துக்கிட்டு இருக்கேன்?"

சமையலறை வாசலில் நின்ற அவள் கணவர், சாதாரணமாக வாய் ஓயாதவர், தரையைப் பார்த்தார்.

"மாப்பிள்ளை?" என்றேன்.

"ஆள் வாசல்ல நின்னாரு அண்ணி. வெறும் குப்பியக் குடுத்தா இவ பேரை அடிச்சிடுவாங்கன்னு பயந்துட்டேன். ஒரே சமையல்தானே சாப்பிடறோம், ரெண்டு பேருக்கும் ஒண்ணாத்தான் இருக்கும்னு என்னோடதை..."

"அடப்பாவி! மூளையக் கழட்டி வச்சுட்டா கக்கூஸுக்குப் போனீங்க?" என்று கத்தினேன். தங்கை எழுந்து போய் அவருக்குச் சோறு போட்டாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

மறுநாள் தலைமை ஆய்வாளரிடம் எல்லாவற்றையும் சொன்னேன், எண் எனக்குத் தெரியும் என்பதையும் சேர்த்து. என்னை அந்த ஆய்விலிருந்து தூக்கினார்கள். தங்கைக்கு இடம் கேட்டுக் கெஞ்சிப் பார்த்தேன். மூடினது மூடினதுதான் என்றார்கள்.

ஏழு மாதத்தில் டயாலிசிஸ் தொடங்கியது. அந்த வாரமே மாப்பிள்ளை ஆய்வுக்கூடத்துக்கு வந்து நின்றார், சட்டைக் கையை மடித்துவிட்டபடி.

"ஒரு கிட்னி குடுக்க என்னென்ன டெஸ்ட்டு அண்ணி? என்னோடது நல்லாத்தானே இருக்கும்?"

அத்தனை மாதமும் நான் அவரிடம் முகம் கொடுத்துப் பேசியதில்லை. அன்று நானே ரத்தம் எடுத்தேன். மனுஷன் ஊசியைப் பார்க்காமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ரத்தப் பிரிவு பொருந்தியது. இருவர் ரத்தத்தையும் கலந்து பார்த்த அடுத்த சோதனையில், தங்கையின் எதிர்ப்புச் சக்தி அவருடைய அணுக்களைத் தாக்கியது. அவருடையது அவளுக்கு ஆகாது. மூன்று நாள் அவர் போன் செய்துகொண்டே இருந்தார். நான் எடுக்கவில்லை.