பழத்தின் கறுப்பு

லொங்காங் ஓரத்து மணத்தக்காளிச் செடிக்குப் பூங்காவனம் வேலி கட்டியிருந்தாள். சாக்கடை ஓரத்தில் தானாக முளைத்த செடிக்கு வேலியா என்று காஜா பெராங் தெருவில் போகிறவர் வருகிறவரெல்லாம் சிரித்தார்கள். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. தன் தாலியே அந்தச் செடியில்தான் காய்த்துத் தொங்குகிறது என்று அவள் நம்பினாள்.

அவள் புருஷன் அப்பாசாமி ஜாலான் பெண்டஹாராவில் ஒரு மசாலைக் கடையில் மிளகாய்த்தூள் சலிக்கிறவன். காலையில் வெறும் வயிற்றில் கோப்பி, மத்தியானம் சோற்றுக்குப் பதிலாக இன்னொரு கோப்பி என்று வருடக்கணக்கில் ஓட்டியதில் வயிற்றில் புண் விழுந்துவிட்டது. ஆஸ்பத்திரி டாக்டர் வெள்ளை மருந்து கொடுத்தார். பால் குடிக்கச் சொன்னார். ஆறாவிட்டால் வயிற்றை அறுக்க வேண்டிவரும் என்றும் சொன்னார். அவர் சொன்னதில் அந்தக் கடைசிப் பேச்சு மட்டும்தான் அவர்களோடு வீடு வரைக்கும் வந்தது. மருந்துப் புட்டி அலமாரியின் உச்சிக்கு ஏறி, அங்கேயே தூசி படிந்து கிடந்தது.

பக்கத்து வீட்டு பீவி மஞ்சள் தூளைத் தேனில் குழைத்துக் கொடுக்கச் சொன்னாள். கோஸ் சாறு, வெந்தயத் தண்ணீர், வாழைக்காய் மாவு, நீர்மோர் என்று பூங்காவனம் ஒன்று பாக்கி விடவில்லை. எதுவும் அவனுக்கு ஒத்துவரவில்லை. கடைசியில் மணத்தக்காளிப் பழம்தான் ஒத்துவந்தது. காலையில் ஒரு கை, மாலையில் ஒரு கை. உதட்டில் ஊதாச் சாயத்தோடு அவன் சிரிக்கும்போது ஏதோ குழந்தையைப் பார்ப்பது போலிருக்கும்.

ஒரு நாள் கொல்லைப்பக்கம் போய்வந்தவன் வாசற்படியிலேயே நின்றுவிட்டான்.

"பூவு, கறுப்பாப் போவுது."

"தின்னது கறுப்புப் பழம். பின்ன செவப்பாவா போவும்?"

மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து பீவியின் குரல் வந்தது. "கெட்டதெல்லாம் கழண்டு வருதுங்க, அண்ணே! போவட்டும், வுடுங்க!"

மூன்று பேரும் சிரித்தார்கள். உண்மையிலேயே வலி குறைந்துதான் இருந்தது. அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போனபோது, மலம் கறுப்பாகப் போகிறதா என்று டாக்டருக்கு உதவியாக இருக்கும் டிரஸர் கேட்டார். "இல்லைங்க" என்று சொல்லிவிட்டு வந்ததை அப்பாசாமி அவளிடம் பெருமையாகச் சொன்னான்.

"பழத்தோட கறுப்பச் சொல்லப் போயி, அவுங்க சீக்கோட கறுப்புன்னு நெனச்சிக் கத்தியத் தூக்கிட்டா?"

"நல்ல வேளை, வாய வச்சிக்கிட்டுச் சும்மா இருந்தீங்க" என்றாள் அவள்.

அதன் பிறகு அவன் மெல்ல மெல்ல வெளுத்தான். மிளகாய்த்தூள் ஏறிச் சிவந்திருந்த கைகள்கூட மெழுகு நிறத்துக்கு வந்தன. கடைக்கு நடக்கும்போது பாதி வழியில் நின்று மூச்சு வாங்கினான். "அண்ணன் சீனத் தவுக்கே மாதிரி வெள்ளையாயிட்டாரு" என்று கடைக்காரர்கள் கிண்டல் செய்தார்கள். உடம்பு தேறுகிறது என்று பூங்காவனம் அதையும் நல்லதாகவே எடுத்துக்கொண்டாள்.

நாட்டுக்கு விடுதலை கிடைக்கப்போகும் தேதியைப் பண்டார் ஹிலிர் திடலில் அறிவிக்கப்போகிறார்கள் என்ற செய்தி வந்ததும் ஊருக்கே புது ரத்தம் ஊறியது. தெருப் பிள்ளைகள் ஒன்றுகூடி வண்ணக் காகிதம் கட்டினார்கள், மதில்களுக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள், லொங்காங்கைச் சுத்தம் செய்தார்கள். பாசாரிலிருந்து மீனோடு திரும்பிய பூங்காவனம் வேலிக்குச்சிகள் பிடுங்கிக் கிடப்பதைக் கண்டாள். செடி வேரோடு குப்பைமேட்டில் வாடிக்கொண்டிருந்தது. பழங்கள் நசுங்கிச் சேற்றோடு சேறாகியிருந்தன.

"எவன்டா வெட்டினது?"

மண்வெட்டியோடு நின்ற நடராஜன் பல்லைக் காட்டினான். "என்னாக்கா, நாட்டுக்கே விடுதலை வருது, லொங்காங்குக்கு வர வேணாமா?"

அவள் குப்பைமேட்டில் குந்தி, நசுங்காத பழங்களைப் பொறுக்கினாள். ஒரு கைக்குக்கூடத் தேறவில்லை. அதன் பிறகு நாலைந்து நாளாக அக்கம்பக்கமெல்லாம் தேடி அலைந்தும் வேறு செடி அவள் கண்ணில் படவில்லை.

கூட்டத்தன்று காலையில் அப்பாசாமி வெள்ளைச் சட்டை போட்டு, தலை சீவி, திடலுக்குப் போகத் தயாராக நின்றான். செடியை நினைத்து அவள் முகம் தொங்கிப்போயிருந்ததைப் பார்த்து அவனே ஆறுதல் சொன்னான்.

"செடி போனா என்னா, புள்ள? மருந்து இன்னும் உள்ள வேல செய்யுது. இன்னக்கிக் காலையிலகூடக் கறுப்புத்தான். ரோட்டுக்கு ஊத்துற தாரு மாதிரி."

கஞ்சி வடித்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். வடிதட்டு நழுவிச் சுடுகஞ்சி காலில் கொட்டியது. அவளுக்குச் சுடவில்லை.

"பழமே திங்கலியேங்க" என்றாள், மெதுவாக. "அப்புறம் எப்படிக் கறுப்பு?"

அவள் அருகில் போய் அவன் கீழிமையை விரலால் இழுத்துப் பார்த்தாள். உள்ளே சிவப்பே இல்லை.

தெருவில் பீவியின் புருஷன் உமர் தன் மூன்று சக்கரப் பெச்சாவில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு திடலுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான். பூங்காவனம் ஓடிவந்த வேகத்தைப் பார்த்தவன் காரணம் கேட்கவில்லை. "எறங்குங்க எல்லாரும்" என்றான். காகிதக் கொடியோடு பிள்ளைகள் தெருவில் நின்று அழுதார்கள்.

ஊரெல்லாம் பண்டார் ஹிலிரை நோக்கி வந்துகொண்டிருந்தது. பெச்சா மட்டும் அதற்கு எதிராகப் போனது. அப்பாசாமியின் தலை அவள் தோளில் சாய்ந்திருந்தது. கை சில்லிட்டிருந்தது.

"உமரு, தெடல் அந்தப் பக்கமில்ல?"

"தெரியும்ண்ணே."

"ஏன் எல்லாரும் எதிர்ல வர்றாங்க? முடிஞ்சிருச்சா?"

"இல்லைங்க, இன்னும் ஆரம்பிக்கவே இல்ல" என்றாள் பூங்காவனம்.

ஆஸ்பத்திரியில் அவர்கள் முதலில் கேட்டது எத்தனை நாளாகக் கறுப்பு என்றுதான். கறுத்து வந்தது வயிற்றுப்புண்ணில் கசிந்த ரத்தம் என்றார்கள். அவர்கள் ரத்தம் ஏற்றினார்கள். சாயங்காலம், திடலிலிருந்து திரும்பியவர்கள் வீதியெல்லாம் பாடிக்கொண்டு போன நேரத்தில், அவன் போய்விட்டான்.

மழைக்காலத்தில் லொங்காங் ஓரத்தில் செடி மறுபடி முளைத்தது. இந்த முறை அவள் வேலி கட்டவுமில்லை, அதைப் பிடுங்கவுமில்லை. வாய்ப்புண்ணுக்கு, வயிற்று வலிக்கு என்று கீரை பறிக்க வருகிறவர்களைத் தடுக்கவுமில்லை. வாசலில் நின்று ஒரே ஒரு கேள்வி கேட்பாள். நாலு பேர் நடுவில் கேட்கக் கூடாத கேள்வி. பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நழுவினார்கள். அவளுக்குப் புத்தி பிசகிவிட்டது என்று பேசிக்கொண்டார்கள்.

ஒரு நாள் நடராஜன் தயங்கித் தயங்கி வந்தான். அவன் அம்மாவுக்கு வயிற்றில் எரிச்சலாம். பூங்காவனம் தானே குனிந்து ஒரு கை பழம் பறித்து அவனிடம் கொடுத்தாள்.

"ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனியா?"

"போவணும்க்கா."

"கறுப்பாப் போவுதா?"

அவன் கூச்சத்தோடு சிரித்தான். "இதத் தின்னா கறுப்பாத்தானக்கா போவும்?"

அவள் அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். பழங்கள் இரண்டு உருண்டு லொங்காங்கில் விழுந்தன.

"திங்காம இருக்கும்போது பாரு. தம்பி, திங்காம இருக்கும்போது பாருடா."

அவன் சிரிப்பை நிறுத்தி, சரி என்று தலையாட்டும் வரை அவள் அந்தக் கையை விடவில்லை.